தீயும் தளிரும்

சேலம் நகரில் நின்று வடகிழக்கே நிமிர்ந்து நோக்கினால், வானத்தின் விளிம்பில் நீல மதில்போல் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்று தோன்றும். அதுவே சேர்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த இம்மலையின்மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஏற்காடு என்னும் ஊர் அமைந்துள்ளது. ஏரியும் காடும் சூழ்ந்த ஊராதலின் இப்பெயர் பெற்றது என்பர். அதனினும் உயர்ந்த முடியொன்றில் சேர்வராயன் கோயில் உள்ளது. மலையாளிகள் என்று வழங்கப்பெறும் இம்மலையின் பழங்குடி மக்கள் ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்குத் திரண்டு விழா எடுக்கின்றனர்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வழியிலே இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவ்வழியே ஏறுவோர் ஒரே மலையில் மூவகைக் காடுகளைக் காணலாம். அடிவாரத்தில் உசிலையும் வேலும் காரையும் அடர்ந்த முட்காடு உள்ளது. நடுச்சரிவில் கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள் நிறைந்த இலையுதிர் காடு உள்ளது. மேலே, ஓடைக்கரைகளிலும் மலை மடிப்புகளிலும், என்றும் பசுமை மாறாத சோலைகளின் எச்சங்கள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்து, நிழல் மரங்களின் கீழே காப்பித் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன.

மாணவர்களே! ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இம்மலையைக் கண்டால், இது என்றும் வாடாத பசுமலை என்றே எண்ணுவீர்கள். ஆயின், மாசி, பங்குனி மாதங்களில் வந்து பாருங்கள்! நடுச்சரிவின் மரங்கள் இலைகளையெல்லாம் உதிர்த்து வெறுங்கிளைகளோடு நிற்கும். உதிர்ந்த சருகு முழங்கால் மறையும் அளவு பள்ளங்களில் குவிந்திருக்கும். ஆளுயரம் வளர்ந்த புல் காய்ந்து வைக்கோலாகி, காற்றில் சலசலக்கும். குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்து அதனைப் பாலை என்று வழங்கினர் நம் முன்னோர். அந்தப் பாலையைக் கண்ணாரக் காணும் காலம் இதுவே.

இக்காலத்தில் சில இரவுகளில், மலைச்சரிவிலே செந்நிற மாலையொன்று மெல்ல ஊர்வதுபோன்ற காட்சி கீழே சமவெளியில் உள்ளோர்க்குத் தோன்றும். அது காட்டுத்தீ. பொழுது விடிந்ததும், மாலை ஊர்ந்த இடமெல்லாம் கருகிக் கிடக்கும். நுனி கருகிய புதர்களும் புகை அடங்காத கட்டைகளும் சாம்பலுமே எஞ்சியிருக்கும். ‘இக்காடு இனி இல்லை’ என்றே காண்போர் வருந்துவர். ஆனால், இரண்டு மூன்று மழை பெய்தபின் அவ்வழியே சென்றால், கருகிய தூர்களிலிருந்து செந்தளிர்கள் துளிர்த்திருக்கும். சாம்பலைக் கிழித்துக்கொண்டு பசும்புல் எழுந்திருக்கும்.

எரிந்த காடு மீண்டும் தளிர்த்தது எங்ஙனம்? எரிந்தவை அனைத்தும் தளிர்த்தனவா? ஆண்டுதோறும் எரிந்தால் அக்காடு என்னாகும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதலில் தீயின் இயல்பை அறிதல் வேண்டும். காட்டுத்தீ எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சருகையும் புல்லையும் எரித்துக்கொண்டு நிலத்தின்மேல் தவழ்ந்து செல்வது தரைத்தீ. மரங்களின் உச்சிக்கு ஏறி, முடிவிட்டு முடிதாவி எரிவது முடித்தீ. வட அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளிலும் ஆஸ்திரேலியாவின் தைலமரக் காடுகளிலும் முடித்தீ பேரழிவை விளைவிப்பதுண்டு. நம் இலையுதிர் காடுகளில் காண்பது பெரும்பாலும் தரைத்தீயே. தீ வரும் பருவத்தில் நம் மரங்கள் இலையுதிர்த்து நிற்றலால், மேலே ஏறுவதற்கு அதற்கு உணவில்லை. கீழுள்ள சருகு சிறிது நேரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். தீயின் வரிசை ஓரிடத்தில் நில்லாது கடந்து செல்லும். அந்தச் சிறிது நேரத்தைத் தாங்கிக் கொண்ட உயிர் பிழைக்கும். தாங்காத உயிர் மாயும்.

மரம் தாங்குவது எப்படி? மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உயிருள்ள மெல்லிய ஏடு ஒன்று உண்டு. அதனைத் தாவர நூலார் கேம்பியம் என்பர். மரம் பருப்பது அவ்வேட்டினாலேயே. அஃது ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்தால் வெகு விரைவில் இறந்துபடும். அது மரத்தைச் சுற்றிலும் இறந்துவிட்டால், மரமும் பிழைக்காது. வெளியே தீயின் வெப்பமோ பல நூறு பாகை. இரண்டிற்கும் நடுவே நின்று காப்பது பட்டை ஒன்றே. செத்த உயிரணுக்களும் காற்றறைகளும் செறிந்த பட்டை, வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. பட்டையின் கனம் இரு மடங்கானால், அது தீயைத் தாங்கி நிற்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்று ஆய்ந்து கண்டுள்ளனர். ஆகவே, மரத்தின் பட்டையில் ஒரு விரற்கடை கூடுவதும் குறைவதும் சிறு செய்தியன்று. அதுவே வாழ்வும் சாவும் ஆகும்.

நம் இலையுதிர் காடுகளில் வளரும் கருமருதைப் பாருங்கள். அதன் பட்டை தடித்து, கருத்து, முதலையின் முதுகுபோல் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். தரைத்தீ அதன் அடியைத் தழுவிச் சென்றாலும், பட்டையின் மேற்புறம் கரியாகுமேயன்றி உள்ளிருக்கும் உயிர்ஏடு வாடாது. வேங்கையும் இவ்வாறே தடித்த பட்டை உடையது. ஆனால், சந்தன மரமோ மெல்லிய பட்டை உடையது. விலை மதிப்பிலும் மணத்திலும் ஓங்கிய அம்மரம், தீயின் முன்னே மிகவும் எளியது. கருமருது தாங்கி நிற்கும் தீயில் சந்தனம் கருகி வீழும்.

பட்டையால் தாங்க இயலாதவை வேரால் பிழைக்கின்றன. ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துவது நம் வழக்கம். அருகம்புல்லின் பெருமை அதன் தலையில் இல்லை. நிலத்துள் ஓடும் அதன் தண்டிலும் வேரிலும் உள்ளது. மண் மிகச் சிறந்த காப்பு. சருகுத்தீ மேலே கொழுந்துவிட்டு எரியும்போதும், நிலத்தினுள் ஓரிரண்டு அங்குல ஆழத்தில் வெப்பம் பெரிதும் ஏறுவதில்லை. எனவே, நிலத்தடியில் மொட்டுகளை வைத்திருக்கும் செடி, மேலுள்ளவை அனைத்தும் சாம்பலானாலும் மீண்டும் எழும்.

புல்லின் வளர்நுனி அதன் அடியில், இலையுறைகளின் காப்பில் அமைந்துள்ளது. ஆதலால், எரிந்த புல் தலைமயிர் மழித்தாற்போல் மீண்டும் வளர்கிறது. கல்மூங்கிலின் கழிகள் கருகினாலும், அதன் நிலத்தடித் தண்டு புதிய முளைகளை எழுப்பும். மலைச்சரிவின் புல்வெளிகளில் வளரும் சிற்றீச்சஞ்செடி, தன் குருத்தை நெருங்கிய மட்டைகளின் நடுவே ஒளித்து வைத்திருக்கும். வெளி ஓலைகள் எரிந்துபோனபின், நடுவிலிருந்து பச்சைக் குருத்து நீளும். புரச மரமோ கோடையில் இலையின்றி, தீக்கொழுந்து போன்ற செம்பூக்களைச் சூடி நிற்பது. அதனை வெட்டினாலும் தீய்த்தாலும் வேரிலிருந்தும் தூரிலிருந்தும் மறுபடி தளிர்க்கும்.

தமிழ்நாட்டின் மாநிலப் பூவாகிய செங்காந்தளை நீங்கள் அறிவீர்கள். தீச்சுடர் போன்ற அதன் பூவை மழைக்காலத்தில் வேலிகளிலும் புதர்களிலும் காண்கிறோம். கோடையில் அக்கொடி எங்கே செல்கிறது? அது தன் தண்டையும் இலையையும் உலரவிட்டு, கலப்பை வடிவான கிழங்காக மண்ணினுள் உறங்குகிறது. தீ வந்தாலும் மேலே எரிவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. மழையின் ஈரம் கிழங்கைத் தொட்டதும் அது விழித்தெழுகிறது. காட்டு வள்ளிக்கிழங்கும் இவ்வாறே வாழ்கின்றது. இவை தீயை எதிர்த்து நிற்பன அல்ல. தீயின் பருவம் கழியும்வரை மறைந்திருந்து வாழ்வன.

விதைகளும் தம் அளவில் ஆற்றலுடையன. தேக்கின் விதை எலும்புபோல் கடினமான ஓட்டினுள் அடங்கியது. கொன்றை முதலிய சில மரங்களின் விதைகள் நீர் புகாத வன்தோல் உடையன. அத்தகைய தோலில் வெப்பம் வெடிப்பை உண்டாக்கினால், பின்வரும் மழைநீர் உட்புகுந்து விதை முளைப்பதற்கு ஏதுவாகும். வட அமெரிக்காவில் உள்ள சில பைன் மரங்களின் காய்கள் பிசினால் ஒட்டுண்டு பல ஆண்டுகள் மூடியே கிடக்கும். தீயின் வெம்மையால் பிசின் உருகிய பின்னரே அவை திறந்து விதைகளை உதிர்க்கும். நெருப்பையே தாழ்திறக்கும் கோலாகக் கொண்ட மரங்களும் உலகில் உள்ளன!

இனி, விலங்குகளின் செய்தியைக் காண்போம். நிலைத்திணைக்கு ஓட இயலாது. இயங்குதிணைக்கு ஓட இயலும். காட்டெருமை என்று மக்கள் வழங்கும் காட்டுமாடுகள் சேர்வராயன் மலையில் வாழ்கின்றன. அவை புகையின் மணத்தை அறிந்ததும் தம் கன்றுகளுடன் தீயில்லாத பக்கம் விலகிச் செல்லும். மானும் முயலும் குரங்கும் அவ்வாறே விலகும். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் எல்லோஸ்டோன் பூங்காவில் மாபெரும் தீ பரவியது. பூங்காவின் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் தீயின் வாய்ப்பட்டது. ஆயினும், அங்கு வாழ்ந்த பல்லாயிரம் பெருமான்களுள் நேரே தீயால் இறந்தவை சில நூறே எனக் கணக்கிட்டனர். பெருவிலங்குகள் தீயை அறிந்து ஒதுங்கும் திறனுடையன என்பதற்கு இது சான்றாகும்.

சிற்றுயிர்கள் ஓடுவதினும் ஒளிவதையே நம்புகின்றன. முள்ளம்பன்றியும் அலங்கும் வளைக்குள் புகும். அரணையும் தேளும் பாறை இடுக்கில் பதுங்கும். கரையான் புற்று, வெளியே எரிந்தாலும் உள்ளே குளிர்ந்திருக்கும் கோட்டை. பாம்பும் பிறவும் அங்கே அடைக்கலம் பெறும். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒருவகை நாணல்தவளையைப் பற்றி வியப்பான செய்தி ஒன்று 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தீ எரியும் ஒலியைப் பதிவுசெய்து கேட்பித்த அளவிலேயே, தீயைக் காணாமலே, அத்தவளைகள் பாதுகாப்பான பசுந்தழையை நோக்கித் தாவின. தீயின் சடசடப்பு அவற்றிற்கு எச்சரிக்கை மணியாக விளங்குகிறது.

பறவைகளுள் சில தீயைக் கண்டு அஞ்சுவதற்கு மாறாக, அதனை நாடி வரும். புகைக்கு முன்னே பறந்தெழும் விட்டில்களையும் வெட்டுக்கிளிகளையும் பிடிப்பதற்காகக் கரிச்சானும் பனங்காடையும் பருந்தும் வட்டமிடுவதைக் காணலாம். ஓர் உயிரின் துன்பம் மற்றோர் உயிரின் விருந்தாகிறது. பின்பு, சாம்பலில் புதுப்புல் முளைத்ததும், அதன் இளமையை விரும்பி முயலும் மானும் காட்டுமாடும் மீண்டும் வருகின்றன.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, ‘தீயினால் காட்டிற்குத் தீங்கில்லை’ என்று எவரேனும் முடிவு செய்வாராயின், அவர் பாதி உண்மையையே கண்டவர் ஆவார். ஓட இயலாத உயிர்களை எண்ணிப் பாருங்கள். கௌதாரியும் காடையும் மயிலும் தரையில் முட்டையிடுவன. தாய்ப்பறவை பறந்துவிடும், முட்டை என் செய்யும்? மெல்ல நடக்கும் ஆமையும், கிளையைப் பற்றி ஊரும் பச்சோந்தியும், சருகினடியில் வாழும் நத்தையும் தீயை முந்த வல்லன அல்ல. அவற்றின் சாவை எவரும் எண்ணிக் கணக்கெழுதுவதில்லை.

மேலேயுள்ள சோலையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சோலை ஈரமும் நிழலும் உடையது. அதன் தரையில் சருகு நனைந்தே கிடக்கும். ஆதலின், கீழிருந்து வரும் தீ அதன் வாயிலில் பெரும்பாலும் தானே அவிந்துவிடும். ஈரமே அதற்கு மதில். அம்மதில் இருத்தலால், அங்குள்ள மரங்கள் தடித்த பட்டையாகிய கவசத்தைத் தேடவில்லை. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் ஆர்க்கிட் செடிகள் காற்றிலே வேரைத் தொங்கவிட்டவை. அவற்றிற்கு மண்ணின் காப்பும் இல்லை. ஏற்காட்டில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் ஆர்க்கிட் பண்ணை ஒன்று உள்ளது. அங்கே அச்செடிகளை அருகிருந்து காணலாம். சோலையின் விளிம்பை வெட்டினாலும், நீண்ட வறட்சியால் ஈரம் வற்றினாலும், தீ உள்ளே புகும். அவ்வாறு புகுந்த தீயினின்று சோலை மீள்வது அரிது.

ஆகவே, காடு முழுவதற்கும் ஒரே விடை இல்லை. இலையுதிர் காடு அரிதாக வரும் தரைத்தீயைத் தாங்கும், சோலை தாங்காது. இனி, மூன்றாம் வினாவிற்கு வருவோம். தீயைத் தாங்கும் இலையுதிர் காடே ஆண்டுதோறும் எரிந்தால் என்னாகும்?

ஒரு கருமருதின் விதை இவ்வாண்டு மழையில் முளைத்தது என்று கொள்வோம். அடுத்த கோடையில் அதன் தண்டு எழுதுகோலின் பருமனே இருக்கும். பட்டை தாளினும் சிறிதே தடித்தது. அப்போது தீ வந்தால் தண்டு கருகும். ஆயினும் வேர் பிழைத்து, மழையில் மீண்டும் துளிர்க்கும். தீ பல ஆண்டுகள் வாராதிருந்தால், அக்கன்று உயர்ந்து, நெருப்பின் நாவிற்கு எட்டாத உயரத்தில் கிளைவிட்டு, தடித்த பட்டையும் பெற்று மரமாகிவிடும். பின்னர் வரும் தீக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், மறு கோடையிலும் தீ வந்தால் மீண்டும் கருகும், மீண்டும் துளிர்க்கும். ஒவ்வொரு முறையும் வேரில் சேமித்த உணவைச் செலவிட்டே அது எழுகிறது. வரவின்றிச் செலவே செய்வோன் வறியனாவதுபோல், ஒருநாள் அவ்வேரும் ஓய்ந்துவிடும்.

அக்காட்டில் முதிய மரங்கள் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்குக் காடு இருப்பதாகவே தோன்றும். ஆயின், முதியோர் மட்டும் வாழ்ந்து குழந்தை ஒன்றும் இல்லாத ஊரை ஒத்தது அது. கிழமரங்கள் ஒவ்வொன்றாய் வீழ, அவற்றின் இடத்தை நிரப்ப இளமரம் இராது. புல்லும் உண்ணிச்செடியுமே அவ்விடத்தைக் கொள்ளும். உண்ணிச்செடி நம் நாட்டிற்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அழகுச் செடியாகக் கொணரப்பெற்றது. அது புதராய் அடர்ந்து, தரைத்தீ மேலே ஏறுவதற்கு ஏணியாகவும் அமைகிறது. எரிந்தபின் தூரிலிருந்து விரைந்து தழைக்கிறது.

இது வெறும் கற்பனையன்று. நீலகிரி மாவட்டத்து முதுமலையிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் தீயின் வரலாற்றை ஆய்ந்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை எரிந்த நிலம், அந்நூற்றாண்டின் இறுதியில் மூன்று ஆண்டு அளவிலேயே மீண்டும் மீண்டும் எரிந்தது என்று அறிந்தனர். தீயின் தன்மை மாறவில்லை. தீக்கும் தீக்கும் இடைப்பட்ட காலமே குறுகிற்று. பத்தாண்டில் ஒரு கன்று மரமாகலாம். மூன்றாண்டில் ஆக இயலுமா? காட்டின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மண்ணின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். சாம்பலில் கால்சியம், பொட்டாசியம் முதலிய உப்புகள் எஞ்சியிருப்பதால், புதுத்தளிர் செழிப்பது உண்மையே. ஆனால், சருகிலிருந்த நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சரிவான மலையில், காப்பாகிய புல்லும் சருகும் நீங்கிய நிலத்தின்மேல் முதல் பெருமழை விழுந்தால், சாம்பலோடு மேல்மண்ணும் கரைந்து ஓடும். சேலம் நகரின் ஊடே பாயும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையிலேயே தோன்றுகிறது. மலையின் மண் காத்தால்தான் நீர் தங்கி, ஊறி, ஓடையாய் வரும். மண் போனால், நீர் ஒருநாள் வெள்ளமாய் வந்து மறுநாள் வறண்டுபோகும். எனவே, மலையின் தீ மலையோடு முடிவதன்று.

தீயைப் பற்றிய அறிவு நூலோரிடம் மட்டும் இருந்ததன்று. கருநாடக மாநிலத்துப் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர் என்னும் பழங்குடியினர், சருகு மிகுதியாகச் சேருமுன்னே, கோடையின் தொடக்கத்தில், சிறிய சருகுத்தீயை மூட்டும் வழக்கம் உடையவராயிருந்தனர். 1974-ஆம் ஆண்டில் அக்காடு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றபின் அவ்வழக்கம் தடைப்பட்டது. அதன்பின், நெல்லி மரங்களைப் பற்றி வாட்டும் புல்லுருவியும், உண்ணிச்செடியும் பெருகின என்பது அவர்கள் கூற்று. அறிஞர்களும் அக்கூற்றைப் பொருட்படுத்தி ஆய்கின்றனர். காலமும் அளவும் அறிந்து, காவலோடு இட்ட சிறுதீ வேறு. முதுகோடையில் ஒருவர் கவனமின்றி எறிந்துவிட்டுச் செல்லும் தீ வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணுதல் பிழை.

முதிர்ந்த மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசுவதால் காடு தீப்பற்றும் என்று முன்னோர் கூறினர். இன்று நம் நாட்டில் எரியும் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மனிதரால் நேர்வதே என்று அறிந்துள்ளோம். அணைக்காத பீடித்துண்டும், சமைத்தபின் அவிக்காத அடுப்பும், புதுப்புல் வேண்டி மேய்ச்சலுக்கு இடும் நெருப்பும் அதற்குக் காரணங்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி மலையழகைக் கண்டு மகிழ்பவர் கையிலிருந்து விழும் ஒரு பொறி, அடுத்த வளைவை அவர் அடையுமுன்னே புல்லில் பற்றிவிடும்.

மலைச்சரிவில் தீ எத்துணை விரைவானது என்பதைத் தமிழகம் துயரத்தோடு அறிந்தது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ மேல்நோக்கிச் செல்லும்போது, அதன் கொழுந்து சரிவின்மேல் சாய்ந்து முன்னுள்ள புல்லைச் சுட்டு உலர்த்திவிடும். நிலத்தின் சாய்வு பத்துப் பாகை மிகுதோறும், மேலேறும் தீயின் விரைவு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பர். மேட்டில் ஏறும் மனிதனின் நடையோ தளரும். காட்டுமாடு அறிந்து விலகும் இவ்வுண்மையை மனிதரும் அறிந்திருத்தல் வேண்டும். கோடையில் உரிய ஒப்புதலின்றிக் காட்டினுள் செல்லுதல் ஆகாது.

தீயைத் தடுக்க வனத்துறையினர் ஓய்வின்றி உழைக்கின்றனர். கோடை தொடங்குமுன்னே, காட்டின் இடையிடையே புல்லும் சருகும் நீக்கிய வெற்றுநில வரிகளை அமைக்கின்றனர். அவற்றைத் தீத்தடுப்புக் கோடுகள் என்பர். டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம், செயற்கைக் கோள்கள் கண்ட வெப்பக் குறிகளைக் கொண்டு, தீப்பற்றிய இடத்தைக் கைப்பேசி வழியே அறிவிக்கின்றது. ஆயினும், இறுதியில் தீயின் முன்னே நிற்பவர், பச்சைத் தழையைக் கையிலேந்தி அடித்து அணைக்கும் காவலரும் மலைவாழ் மக்களுமே. காப்புக்காட்டில் தீ வைத்தல் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றமாகும். அச்சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

மாணவர்களே! காட்டின் மரஞ்செடிகள் பட்டையாலும் வேராலும் விதையாலும் தம்மைக் காத்துக்கொள்ளக் கற்றுள்ளன. விலங்குகள் ஓடியும் ஒளிந்தும் பிழைக்கின்றன. அவை தம் கடமையைச் செய்துவிட்டன. அவற்றிற்கு வேண்டுவது ஒன்றே. எரிந்தபின் எழுவதற்குச் சில ஆண்டுக்கால ஓய்வு. அதனைத் தருவதும் பறிப்பதும் நம் கையில் உள்ளன. அடுத்த முறை ஏற்காட்டு மலையில் ஏறும்போது, சாலையோரத்துக் கருமருதின் அடியை உற்று நோக்குங்கள். பட்டையில் பழைய தீயின் கருவடு இருக்கலாம். அதன் நிழலில், முழங்கால் உயரத்தில் ஒரு கன்றும் நிற்கக் கூடும். அக்கன்று மரமாகும் நாள்வரை அவ்வழியில் நெருப்பு வாராதிருக்கக் காப்போமாக!

பயிற்சி

அ. சுருக்கமாக விடை எழுதுக:

1. தரைத்தீக்கும் முடித்தீக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பட்டையின் கனம் இரு மடங்காயின், அது தீயைத் தாங்கும் நேரம் எவ்வளவு மிகும்?
3. செங்காந்தள் கோடைத் தீயினின்று தப்புவது எங்ஙனம்?
4. கரிச்சான் தீயை நாடி வருவது ஏன்?
5. சோலைக்கு ‘ஈரமே மதில்’ என்று கூறுவதன் பொருள் என்ன?

ஆ. விரிவாக விடை எழுதுக:

1. ‘காட்டின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது’ என்பதைக் கருமருதின் கன்றைக் கொண்டு விளக்குக.
2. மலையில் எரியும் தீ சமவெளியில் வாழ்வோரை எவ்வாறு தாக்கும்? திருமணிமுத்தாற்றைச் சான்றாகக் கொண்டு எழுதுக.

இ. பிரித்து எழுதுக: வெறுங்கிளை, பசும்புல், செந்தளிர், வேரோடி.

ஈ. சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக: அடைக்கலம், கவசம், எச்சரிக்கை, ஓய்வின்றி.

உ. செயல்: உங்கள் ஊரில் உள்ள ஐந்து மரங்களின் பட்டைகளை நோக்கி, அவற்றுள் எவை தீயைத் தாங்கும், எவை தாங்கா என்று காரணங்களோடு எழுதுக.